முதலில் திருத்தம், பிறகு தீர்மானம்

மாரிசாமி கம்பெனியின் கம்பி மத்தாப்புப் பெட்டியில் ஒரு சிறுமி சிரிப்பாள். இரட்டைச் சடை, கையில் எரியும் மத்தாப்பு. மாரிசாமியின் மகள் ஜெயக்கனி, ஐந்து வயதில் எடுத்த படம். சிவகாசியில் முதலாளிகள் தங்கள் பிள்ளைகளைப் பெட்டியில் போடுவது வழக்கம்தான்.

அந்த ஜெயக்கனி போன ஆடியில் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். போர்டு கூட்டத்தில் அவளுடைய டைரக்டர் நாற்காலியில் இப்போது அவள் புருஷன் சண்முகவேல் உட்கார்ந்திருந்தான். எம்.காம். படித்தவன், மினிட்ஸ் எழுதுவதும் அவன்தான். நாற்காலி அவனுக்குக் கொஞ்சம் உயரம் குறைவு. மாற்றச் சொல்லத் தோன்றவில்லை.

மச்சினன் மணிகண்டராஜ் தீர்மானத்தைப் படித்தான். வரும் சீசனுக்குப் பெட்டியில் அக்கா படத்தை எடுத்துவிட்டுத் தாமரைப்பூ போட வேண்டும்.

"ஏஜெண்டுக எல்லாம் அக்கா சாவுக்குத் துட்டி கேக்க வந்து போனவுக. நல்ல நாள் சரக்குல இறந்தவுக படமான்னு வாய்விட்டே கேக்காக."

சண்முகவேலுக்குச் சம்மதம்தான். ஜெயக்கனிக்கே அந்தப் படம் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், 'ஒன் மூஞ்சிய நேத்து வாசல்ல கொளுத்திட்டோம்டி' என்பார்களாம். தீபாவளிக்கு மறுநாள் விடியுமுன் தெருவில் இறங்கி, சாக்கடையோரம் கிடக்கும் பெட்டிகளைப் பொறுக்குவாளாம். "நீங்க டைரக்டரானா மொதல்ல அந்தப் படத்தத் தூக்குங்க" என்று சிரித்திருக்கிறாள். இந்தத் தீபாவளிக்கு மறுநாள் பால் வாங்கப் போன சண்முகவேல் ஒரு பெட்டியை மிதித்துவிட்டான். காலை எடுத்துக்கொண்டு நடந்தான். ஒன்றும் தோன்றவில்லை.

மாமியார் செல்லக்கனி நிமிர்ந்தாள். "எம் மக படத்த எடுத்தா, அந்த எடத்துல எம் பேத்தி படந்தான் வரணும். பூவெல்லாம் வேண்டாம்."

பேத்தி பிரீத்திகாவுக்கு நான்கு வயது. அம்மா போனதிலிருந்து பாட்டி வீட்டில்தான் வளர்கிறாள்.

"பாப்பா படம் வேண்டாம் அத்தை" என்றான் சண்முகவேல்.

"ஏன், கம்பெனி அவளுக்கும்தான?"

அவன் மறுபடி சொன்னாலும் அந்த வீட்டில் எடுபடாது.

தலைவர் நாற்காலியில் இருந்த மாரிசாமி அவசரப்பட்டார். "பூவுக்கு எத்தன பேரு, பாப்பாவுக்கு எத்தன பேரு? கையத் தூக்குங்க. சமமா வந்தா நான் சொல்லுதேன்."

"அப்படி எடுக்கக் கூடாது மாமா. மணி கொண்டுவந்தது தீர்மானம். அத்தை சொன்னது அதுல திருத்தம். முதல்ல திருத்தத்துக்கு ஓட்டு."

"நாலு பேரும் ஒரே பானையில சாப்பிடுதோம். இதுல பார்லிமெண்டு வேறயா அத்தான்?" என்றான் மணி. ஆனாலும் கை தூக்கினான். "பூவோ பாப்பாவோ, படம் மாறினாச் சரி."

செல்லக்கனியும் தூக்கினாள். எதிர்த்தது சண்முகவேல் மட்டும்.

மாரிசாமி பேனாவை மூடினார். "முடிஞ்சுது. வடை கொண்டாரச் சொல்லு."

"முடியல மாமா. பூவுங்கிற எடத்துல பாப்பான்னு மாத்தியிருக்கோம், அவ்வளவுதான். இப்ப முழுத் தீர்மானத்துக்குத் தனியா ஓட்டு எடுக்கணும். ஜெயக்கனி படத்த எடுத்துட்டுப் பாப்பா படம் வைக்கணுமா, வேண்டாமா."

"வேண்டாம்னு வந்தா?" செல்லக்கனி கேட்டாள்.

"ஒண்ணும் மாறாது அத்தை. பழைய படமே இருக்கும்."

சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்தது. பூவுக்கு இனி வழியில்லை. மகளைக் காப்பாற்றினால் பெண்டாட்டி மறுபடி தெருவுக்குப் போவாள்.

"ஆதரிக்கிறவுக?" என்றார் மாரிசாமி. மணி தூக்கினான்.

"எதிர்க்கிறவுக?"

சண்முகவேல் கையைத் தூக்கினான். வேறு யாருடைய கையோ போலக் கனத்தது. எதிரே வளையல் சத்தம். செல்லக்கனியும் தூக்கியிருந்தாள்.

"ஏம்மா, நீதான பாப்பா படம் வைக்கச் சொன்ன!"

"அவ படத்த எடுத்தாத்தானலே வைக்கணும்னு சொன்னேன்? பழைய படமே இருக்கும்னா எதுக்குலே எடுக்கணும்?"

மணி அப்பாவைப் பார்த்தான். அவர் வடை வரும் வாசலைப் பார்த்தார்.

படியிறங்கும்போது செல்லக்கனி மருமகனை நிறுத்தினாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும் மாப்ள. அவள விட்டுக்குடுக்க ஒங்களுக்கும் மனசு வரலல்ல?"

"ஆமா அத்தை."

சாயங்காலம் திருத்தங்கல் அச்சகத்துக்குப் போனான். போர்மேன் ஊர்க்காவலன் பெட்டிப் படத்தின் பழைய பிலிமை விளக்குக் கண்ணாடி மேல் விரித்தார்.

"கன்னத்துல கீறல் விழுந்திருக்கு சார். அடிச்சா ஒரு கோடு வரும். வேற நல்ல போட்டோ இருந்தாக் குடுங்க, புதுசா எடுத்துருவோம்."

அவன் சட்டைப்பையில் ஒரு போட்டோ இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் ஜெயக்கனியை எடுத்தது. அதன்மேல் கை வைத்துக்கொண்டான்.

"வேண்டாம். கோடு இருக்கட்டும். அடிங்க."