அட்டையில் ஏறாத பெயர்

என் தம்பி தெமோ தன் இரண்டாவது மகனுக்கு வைத்த பெயர் கெலாத். பரிசு என்று அர்த்தம். முதல் பிள்ளையை மண்ணில் வைத்து ஒரு வருடம் கழித்துப் பிறந்தவனுக்கு வேறு என்ன பெயர் தோன்றும்? அந்தப் பெயரின் முதல் எழுத்து, இரண்டு குச்சிகளைக் குறுக்கே போட்டது மாதிரி இருக்கும். சத்தம் அடித்தொண்டையிலிருந்து வரவேண்டும். எங்கள் குர்து மொழியில் தினமும் நூறு தடவை வாயில் வருகிற எழுத்துதான். ஆனால் துருக்கி அரசாங்கத்தின் எழுத்து வரிசையில் அது கிடையாது. வரிசையில் இல்லாத எழுத்தைப் பதிவேட்டில் எழுத மாட்டார்கள்.

தொண்ணூற்றொன்றில், வசந்தத்தில், நானும் அவனும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நான் அப்போதே முக்தார், ஊர்த்தலைவன். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எதுவானாலும் என் முத்திரை விழுந்தால்தான் காகிதம் நகரும். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

குமாஸ்தா பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த எழுத்து நம்மகிட்ட இல்ல. வேற பேரு சொல்லு."

"இல்லையா?" என்றான் தெமோ. "உங்க முதுகுக்குப் பின்னாடி நிக்குதே நகலெடுக்குற மெஷின், அதும்மேல அந்த எழுத்தத்தான் பெருசா போட்டிருக்கு."

"அது மெஷின். அதுக்குக் குடியுரிமை வேணாம்."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெமோ மட்டும் சிரிக்கவில்லை. வேறு பெயரும் சொல்லவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். "வீட்ல என்ன வேணா கூப்பிட்டுக்கோடா. காகிதத்துல அவன் சொல்ற பேர வச்சா உன் பிள்ள தேஞ்சா போயிடுவான்?"

"என் பிள்ளைக்கு நான்தான் பேரு வைப்பேன், அண்ணே" என்றான். அதற்கு மேல் அவனிடம் பேசுவதும் கழுதையிடம் பேசுவதும் ஒன்றுதான்.

ஐந்தாம் மாதம் குழந்தைக்குக் கக்குவான் வந்தது. இருமி இருமி முகம் நீலமானது. நகரத்து மருத்துவமனையில் அடையாள அட்டை இல்லாமல் படுக்கை கொடுக்க முடியாது என்றார்கள். தெமோவின் மனைவி சோசின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் நின்று அழுதாள்.

அப்போது யோசனை சொன்னது நான்தான். அதை மறைக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் அது புது வழக்கமும் இல்லை. குழந்தை செத்தால் யாரும் ஓடிப்போய் எழுதிவைப்பதில்லை. அட்டை தகரப்பெட்டியில் கிடக்கும். அடுத்தது பிறந்தால் அதற்கே ஆகிவிடும். மூத்தவனின் உடுப்பை இளையவனுக்குப் போடுவது போலத்தான் எங்களுக்கு அது. தெமோவின் மூத்த பிள்ளை இத்ரிஸ் இரண்டு வயதில் அம்மையில் போனான். அவன் சாவை எழுதி அனுப்ப வேண்டியது முக்தாரான நான். எழுதவில்லை. யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

"இத்ரிஸோட அட்டைய எடுத்துட்டு வா" என்றேன் தம்பியிடம்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. போய் எடுத்துவந்தான். கெலாத் பிழைத்தான். செத்தவனின் பெயரில், செத்தவனின் வயதில், மூன்று வருடம் கூடுதலாக.

பள்ளிக்கூடத்திலும் அதே அட்டைதான். "ஒம்போது வயசுன்னு போட்டிருக்கு, ஆள் வளரவே இல்லையே" என்றார் வாத்தியார். "எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் குட்டைதான்" என்றேன் நான், ஆறடி உயரத்தில் நின்றுகொண்டு. வகுப்பில் இத்ரிஸ் என்று கூப்பிட்டால் பையன் திரும்பமாட்டான். திரும்பாததற்கு அடி வாங்கினான். பிறகு திரும்பக் கற்றுக்கொண்டான். வீட்டில் கெலாத், காகிதத்தில் இத்ரிஸ். ஆடு மேய்ப்பான், தப்பும் தவறுமாகப் புல்லாங்குழல் ஊதுவான், என் வீட்டுக்கு வந்தால் தயிர்ச்சட்டியைக் காலி பண்ணிவிட்டுப் போவான். எனக்குப் பிள்ளை இல்லை. அவனைக் கண்டால் எனக்கு உயிர்.

பட்டாளத்துக்கு அழைப்பு வந்தது; இருபது ஆனால் எல்லா ஆணும் கட்டாயம் போயாக வேண்டும். இத்ரிஸுக்கு இருபது வயது ஆகிவிட்டதாம். கெலாத்துக்குப் பதினேழு. மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது.

தெமோ நகரத்து நீதிமன்றத்துக்கு ஓடினான். வக்கீல் வழி சொன்னார்: எலும்பைப் படமெடுத்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும், மூத்தவன் செத்தது உண்மை என்று முக்தார் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் பையனைப் புதிதாகப் பதிந்துவிடலாம், மூன்று வருடத்துக்குப் பட்டாளம் இல்லை.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் ஊற்றினேன். யாரும் குடிக்கவில்லை.

"நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், அண்ணே" என்றான் தெமோ.

எனக்குள் ஓடியது வேறு. சாவை ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். ஒரு சாவா மறைத்தேன்? ஊரில் பாதி வீட்டில் அதே கதை. எல்லாவற்றையும் தோண்டுவார்கள். முத்திரை போகும், ஜெயிலுக்கும் அனுப்பலாம். பயந்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"போய் என்ன கிடைக்கப்போகுது? அந்தப் பேரு எழுத மாட்டாங்க. அதே எழுத்துதான், அதே சட்டம்தான். உன் பிள்ளைக்கு இன்னொரு பொய்ப்பேருதான் கிடைக்கும்."

"எழுத்து போகட்டும், அண்ணே" என்றான் தெமோ. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "என்ன கருமத்த வேணா எழுதட்டும். அவங்களே ஒரு பேரு வைக்கட்டும். பையனுக்கு மூணு வருஷம் கிடைக்கணும், அவ்வளவுதான்."

பதினேழு வருடம் விடாமல் பிடித்திருந்ததை அவன் என் காலடியில் போட்டான். அதை நான் எட்டி உதைத்தேன்.

"அன்னிக்கு நான் சொன்னப்ப கேட்டியா? அப்ப பெரிய வீரன். இப்ப எழுத்து வேணாமா?"

சோசின் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கெலாத்தான் சமாதானம் பண்ணினான். "விடுங்கப்பா. பெரியப்பாவுக்குச் சங்கடம் வேணாம். பதினஞ்சு மாசம்தானே, கண்ண மூடித் திறந்தா ஓடிடும்." என் முகத்தைப் பார்த்தே அவன் புரிந்துகொண்டிருந்தான்.

கிழக்கே பனிமலையில் ஒரு காவல் சாவடிக்கு அவனை அனுப்பினார்கள். ஏழாம் மாதம், ரோந்து போன இடத்தில் கண்ணிவெடி.

பெட்டி கொடி போர்த்தி வந்தது. கூடவே ஒரு கேப்டனும் பத்துச் சிப்பாய்களும் வந்தார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். எங்கள் ஊர் இடுகாட்டில், மூத்தவன் இத்ரிஸின் குழிக்கு நான்கு அடி தள்ளி இவனுக்குக் குழி. சின்னக் குழந்தை என்பதால் அங்கே வெறும் இரண்டு கல்தான் நட்டிருந்தோம், பெயர் இல்லை. இங்கே சிப்பாய்கள் பலகை கொண்டுவந்திருந்தார்கள். அதில் சிவப்பு மையில் இத்ரிஸ் என்று இருந்தது.

பெண்கள் குழிக்கரைக்கு வரும் வழக்கம் எங்களிடம் இல்லை. சோசின் வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

மண் மூடியதும் மெலா தலைமாட்டில் குந்தினார். எங்கள் ஊர்த் தொழுகைக்கும் சாவுக்கும் அவர்தான். கடைசியாகச் செய்யவேண்டிய ஒன்று உண்டு: இறந்தவனைப் பெயர் சொல்லி, தாயின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டு, வானவர்கள் வந்து கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். குழிக்குள் அவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான் என்பது எங்கள் நம்பிக்கை. மெலா கேப்டனை ஒரு பார்வை பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"சோசினின் மகனே, இத்ரிஸே" என்று ஆரம்பித்தார்.

"மெலா, நிறுத்துங்க" என்றாள் சோசின். குரல் உயரவில்லை. "இத்ரிஸ் அங்க படுத்திருக்கான். இப்படிக் கூப்பிட்டா அந்தக் குழந்தைதான் எந்திரிச்சுக்கும். இவன் தன்னைக் கூப்பிடலன்னு சும்மா கிடப்பான். இவனுக்கு யாரு சொல்லிக்குடுப்பா?"

கேப்டனுக்கு எங்கள் மொழி தெரியாது. என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா என்ன சொல்றாங்க, முக்தார்?"

தெமோ என்னைப் பார்த்தான். ஊரே பார்த்தது. இந்த முறை வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். செத்த பிள்ளையின் அட்டை, நான் எழுதாமல் விட்ட சாவு, மண்ணுக்குள் இருப்பவனின் பெயர், பதினெட்டு முடியாத அவன் வயது. சொல்லிவிட்டு, விலங்கு மாட்டக் கையை நீட்டச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

கேப்டன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அவருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

"இந்தப் பக்கம் இது எல்லா ஊர்லயும் இருக்கு, முக்தார். போன வருஷம் மட்டும் எங்க படைல இப்படி நாலு பசங்கள வீட்டுக்கு அனுப்பினோம். உங்கள மாதிரி முக்தாருங்கதான் வந்து சொன்னாங்க. அவங்கள யாரும் ஒண்ணும் பண்ணல. ரெண்டு வாய்தால முடிஞ்சிருக்கும்." பிறகு மெல்ல, "நீங்க ஏன் வரல?" என்று கேட்டார்.

 

"அவங்க எந்தப் பேரு சொல்லிக் கூப்பிடணுமோ கூப்பிடட்டும்" என்று மெலாவுக்குக் கைகாட்டிவிட்டு அவர் தள்ளிப்போய் நின்றார். மெலா மறுபடி ஆரம்பித்தார். சோசினின் மகனே, கெலாத்தே. அந்த முதல் எழுத்து அடித்தொண்டையிலிருந்து எழுந்து சிப்பாய்களின் தலைக்கு மேலே போனது.

பலகை இருந்தபடியே இருந்தது. முடிந்ததும் சோசின் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

"இப்ப சொல்ல முடிஞ்சுதே, பெரியத்தான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதில்லை.