சம்பந்திகள் ஏறிய மலை

கடையைச் சாத்தும் நேரத்தில் வந்த மகள், கண் பரிசோதிக்கும் அறைக்குள் போய், வாடிக்கையாளர்கள் உட்காரும் உயரமான நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். விளக்கை அணைக்கப் போன கண்ணாடிக்கடைக்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

"கை முறிஞ்சு ஒருத்தர் வந்தார்ப்பா. எக்ஸ்ரே எடுத்துட்டு, இடது கைக்குப் பதிலா வலது கைன்னு குறிச்சுட்டேன். டாக்டர் கவனிச்சுட்டார். இல்லன்னா நல்ல கைக்கு மாவுக்கட்டு போட்டிருப்பாங்க."

"பகல்ல தூங்கறதில்லையா நீ?"

"எங்கப்பா தூங்கறது?"

அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி. பகலில்தான் தூங்க வேண்டும். புகுந்த வீடு மாடியில். கீழ்த்தளம் முழுக்க மாமனாரின் டிரைவிங் ஸ்கூல். அவள் படுக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழேதான் கற்றுக்கொள்பவர்கள் ரிவர்ஸ் எடுத்துப் பழகும் இடம். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் கார் ஒரு பாட்டு பாடும். வண்டி தூணில் இடிக்கும்வரை அது பாடிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு மாமியார் பாசக்காரி. அடிக்கொரு தரம் கதவைத் திறந்து, "தூங்கறியாம்மா?" என்று எழுப்பிக் கேட்டுவிட்டுப் போவார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மகளும் மாப்பிள்ளையும் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டாரா?"

"தினமும் ஆரம்பிக்கறார். 'என்னடா'ன்னு மாமா திரும்பினா 'ஒண்ணுமில்லப்பா'ன்னுட்டு வந்துடறார். நீங்க சொல்லுங்கப்பா. பெரியவங்க பேசினா மரியாதையா இருக்கும்."

சொல்லலாம்தான். ஆனால் கல்யாணம் பேசிய அன்று, கூடியிருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் சம்பந்தி மார்பில் கை வைத்து, "எனக்கு மருமக வரல, மக வர்றா. கடைசிவரைக்கும் ஒரே வீடு, ஒரே சமையல்," என்றிருந்தார். கண்ணாடிக்கடைக்காரரும் சளைக்கவில்லை. "என் பொண்ணு கூட்டுக்குடும்பத்துலதான் வாழணும்னு நான் தவம் கிடந்தேன்," என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். அப்படி ஒரு தவம் அவர் கிடந்ததில்லை. சபையில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் சம்பந்தியே தொலைபேசியில் கூப்பிட்டது தெய்வாதீனமாகத் தோன்றியது. "ஞாயித்துக்கிழமை ரெட்டைப் பாறைக்குப் போவோமா? நீங்க நடக்கறதுல கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டேன்."

அப்படிக் கேள்விப்பட்டதற்கு மூலம், கல்யாண வீட்டில் கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியம்: "நான் தினம் நடந்துதான் கடைக்குப் போறேன்." கடை, வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது என்பதை அவர் அப்போது சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. மலையில் தனியாகப் பேச வாய்க்கும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கென்று ஒரு ஜோடி பூட்ஸும் வாங்கினார். போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. போகப் போக நெகிழும் என்று கடைப்பையன் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போனார்கள். ஊருக்கு வெளியே, தார்ச்சாலை முடிகிற இடத்தில் அந்த இரண்டு பாறைகளும் நின்றன. ஒன்று பெரியது, வழுக்கைத் தலை. மற்றது சின்னது, ஆனால் செங்குத்து. நடுவே தாழ்வான ஒரு மேடு இரண்டையும் இணைத்தது. தலையில் புதுத் தொப்பி, கையில் கடன் வாங்கிய ஊன்றுகோல் சகிதம் சம்பந்தி அண்ணாந்து பார்த்தார். அவர் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியதைக் கண்ணாடிக்கடைக்காரர் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க முன்னாடி போங்க சம்பந்தி."

"அதெப்படி? நீங்க மாப்பிள்ளை வீடு. நீங்கதான் முன்னாடி."

"அந்தக் கணக்கெல்லாம் நமக்குள்ள எதுக்கு? போங்க."

கடைசியில் இருவரும் சேர்ந்தாற்போல் அடி எடுத்துவைக்க, முதல் முள்செடி இரண்டு பேரையும் ஒன்றாகவே பிடித்தது.

செடிகள் முடிந்ததும் மொட்டைப் பாறை தொடங்கியது. அதில் நடக்க முடியவில்லை, தவழ வேண்டியிருந்தது. வெயில் மேலேயிருந்தும் வந்தது, பாறையிலிருந்தும் வந்தது. பூட்ஸ் நெகிழவில்லை. கால்தான் நெகிழ்ந்தது. உட்கார்ந்தால் தேவலை, ஆனால் சம்பந்தி நிற்கும்போது எப்படி உட்காருவது? அந்த யோசனை சம்பந்திக்கும் இருந்திருக்க வேண்டும். "ஆகா, காட்சியைப் பாருங்க!" என்று அவர் அடிக்கடி நின்றார். ஒவ்வொரு தரமும் கண்ணாடிக்கடைக்காரர் நன்றியோடு பார்த்தார்.

"அதோ, எவ்வளவு அழகான குளம்!"

அது ஒரு கோழிப்பண்ணையின் கூரையில் விரித்திருந்த நீலத் தார்ப்பாய். ஊருக்கே பார்வை சரிசெய்பவருக்கு அது பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் "நல்ல குளம்," என்று சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் அதை ரசித்தார்.

ஆளுயரப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்த இடத்தில் சம்பந்திக்குள் இருந்த ஆசிரியர் விழித்துக்கொண்டார். "அவசரப்படாதீங்க. சின்ன கியர்லயே ஏறுங்க. கிளட்ச்சை சட்டுன்னு விடாதீங்க... காலைச் சொன்னேன், காலை." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கால் பொடிக்கல்லில் வழுக்கி, இரண்டு பாறை கீழே போய் நின்றது. "இப்படித்தான் விடக் கூடாதுன்னு காட்டினேன்," என்றார் அங்கிருந்து.

பெரிய பாறையின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கண்ணாடிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தி, ஒரு விஷயம்..."

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு..."

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"நீங்க சொல்லுங்க."

"இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க."

"நீங்கதான மொதல்ல ஆரம்பிச்சீங்க?"

"அப்படியா? காத்து நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

காற்றைப் பற்றிச் சொல்லி முடித்ததும் இறங்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. இறங்கினால் கார், கார் என்றால் வீடு, வீட்டில் காதுகள். மகள் கண்ணை மூடாமலே மறுபடி இரவுப் பணிக்குப் போவாள். அடுத்த முறை எந்தக் கை, யாருடைய கை என்று கண்ணாடிக்கடைக்காரர் தவித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தி சின்னப் பாறையைக் காட்டினார்.

"வந்தது வந்தோம், அதையும் பாத்துடலாமா?"

"அதை விட்டுட்டுப் போனா மலைக்கு வந்தோம்னு யார் நம்புவாங்க?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், கண்ணில் நீர் முட்ட.

சின்னப் பாறை பேர்தான் சின்னது. பாதிக்கு மேல் வழி ஒரு பிளவுக்குள் போயிற்று. ஒரு பக்கச் சுவரில் முதுகையும், எதிர்ச்சுவரில் பாதங்களையும் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உந்த வேண்டும். அதற்கு மேல் சாய்ந்த வழுக்குப் பாறை. சம்பந்தி எப்படியோ புரண்டு மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னால் போன கண்ணாடிக்கடைக்காரர் நடுவழியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மேலே போக முடியவில்லை. கீழே பார்க்க முடியவில்லை. குப்புறப் படுத்த சம்பந்தி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வலது காலை அந்தப் பள்ளத்துல வைங்க. இல்லன்னா இந்தப் பிதுக்கத்துல. எது வசதி, அதுவா இதுவா?"

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, ஆயுள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்ட கேள்வி அது. பதில் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. வலது கால் நடுங்கத் தொடங்கியது. இதோடு முடிந்தது என்று நினைத்தார். முடிவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம் என்றும் நினைத்தார்.

"சம்பந்தி! பசங்க தனியாப் போகட்டும்!"

மணிக்கட்டில் இருந்த பிடி ஒரு கணம் தளர்ந்தது. "என்ன சொன்னீங்க?"

"மொதல்ல மேல இழுங்க!"

இழுத்தார். ஒருவர் மேல் ஒருவராக விழுந்து, மூச்சு வரும்வரை கிடந்தார்கள். பிறகு சம்பந்தி எழுந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இதச் சொல்லத்தான் நானும் உங்கள இங்க இழுத்துட்டு வந்தேன்! பசங்க இருக்கற ரூம் என்னோடது சம்பந்தி. என் குறட்டைக்கு வீட்டம்மா என்னைத் தள்ளி வெச்சு ரொம்ப நாளாச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் ஹால் சோபாதான் எனக்குக் கதி. கழுத்து ஒரு பக்கமா நின்னுபோச்சு, பாருங்க. இடது பக்கக் கண்ணாடியை மட்டும் பாத்து ஓட்டச் சொல்லிக் கத்துக் குடுக்கறேன்னு ஸ்கூல்ல பசங்க சிரிக்கறாங்க. மருமகளைப் போன்னு என் வாயால எப்படிச் சொல்றது? சபையில அவ்வளவு பேசிட்டு?"

கண்ணாடிக்கடைக்காரர் இரவுப் பணியையும், ரிவர்ஸ் பாட்டையும், நல்ல கைக்கு விழ இருந்த மாவுக்கட்டையும் சொன்னார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பங்கு போட்டுத் தின்றார்கள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

வினை இறக்கத்தில் தொடங்கியது. உட்கார்ந்தவாக்கில் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்த சம்பந்தி சட்டென்று நின்றார்.

"ஒரே ஒரு சந்தேகம். தனியாப் போகணும்னு கேட்டது என் பையனா, உங்க பொண்ணா?"

"யாரு கேட்டா என்ன?"

"எங்க வீட்ல என்ன குறைன்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

"குறையெல்லாம் சொல்லல. சரி, நானும் கேக்கறேன். நீங்க ஏன் அனுப்பணும்னு நெனச்சீங்க? என் பொண்ணு என்ன தப்பு பண்ணா?"

"தப்புன்னு நான் சொன்னேனா?"

"ஒரு சோபாவுக்காகப் புள்ளைங்கள வெளிய அனுப்பறீங்க, அதத்தான் கேக்கறேன்."

"ஒரு ரிவர்ஸ் சத்தத்துக்காக என் குடும்பத்தைப் பிரிக்கறீங்களே, அத யாரு கேக்கறது?"

சண்டை பாறைக்குப் பாறை இறங்கியது. மரியாதையில் மட்டும் ஒரு இம்மி குறையவில்லை. "பாத்து வைங்க, அந்தக் கல்லு ஆடுது. உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று ஒருவரும், "நான் புடிச்சுக்கறேன், வாங்க. உங்ககிட்ட நான் அத எதிர்பாக்கல," என்று மற்றவரும் மாறி மாறிக் கை கொடுத்துக்கொண்டே இறங்கினார்கள். தண்ணீர் ஒரே ஒரு பாட்டிலில் அடிமட்டத்தில் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அதை நீட்டினார்.

"வேண்டாம்."

"குடிங்கன்னா குடிங்க. சண்டை தனி, தாகம் தனி."

சம்பந்தி குடித்துவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடிவாரத்துக்கு வந்ததும் கண்ணாடிக்கடைக்காரரால் ஓர் அடி எடுத்துவைக்க முடியவில்லை. ஒரு கல்லில் சாய்ந்து, பூட்ஸைக் கழற்றப் பார்த்தார். குனிய இடுப்பு மறுத்தது. பூட்ஸின் நுனித் தையலில் ரத்தம் கசிந்திருந்தது. அதைப் பார்த்த சம்பந்தி, அவர் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, நாடாவை அவிழ்த்து, பூட்ஸையும் காலுறையையும் மெதுவாக உருவினார்.

"ஐயோ, என்ன சம்பந்தி இது! மாப்பிள்ளையோட அப்பா நீங்க, போய் என் கால..."

"சும்மா இருங்க. நகம் பேந்துபோச்சு. இதோடயா ரெண்டு பாறை ஏறினீங்க?"

கண்ணாடிக்கடைக்காரருக்கு உள்ளே என்னவோ உடைந்தது. இப்பேர்ப்பட்ட மனிதரையா மனசாட்சி இருக்கா என்று கேட்டோம்? "என் பொண்ணு உங்க வீட்லயே இருப்பா சம்பந்தி," என்று தழுதழுத்தார். "எங்கயும் போக மாட்டா. இது என் வாக்கு."

சம்பந்தி மட்டும் விட்டுக்கொடுப்பாரா? "சோபா கிடக்கட்டும்! இன்னும் பத்து வருஷம் நான் அதுலயே படுக்கறேன். என் மக என் வீட்ல."

பெருந்தன்மையில் இருவருக்கும் கண் கலங்கியது. தோளில் கை போட்டு, நொண்டிக்கொண்டே காருக்குப் போனார்கள்.

கார் தார்ச்சாலைக்கு ஏறியபோதுதான் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தாம் எதற்காக மலை ஏறினோம் என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் பார்த்தார். சம்பந்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கழுத்தை ஒரு கையால் நீவிக்கொண்டிருந்தார். அவரும் எதையோ நினைத்துக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. யாராவது ஒருவர், "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்று ஆரம்பித்தால் போதும். இருவரும் சாலையைப் பார்த்தார்கள்.

கைபேசி அடித்தது. மகள்.

"எடுங்க, எடுங்க," என்றார் சம்பந்தி, சுரத்தில்லாமல். "நல்ல சேதியைச் சொல்லுங்க."

"அப்பா, வீட்டுக்காரர் வாசல்லயே நிக்கறார். மாமாகிட்ட பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன்மா. எல்லாம் விவரமாப் பேசிட்டோம்."

"மாமா என்ன சொன்னார்?"

"மாமா ரொம்ப நல்ல மனுஷர்மா."

"அய்யோ அப்பா," என்றாள் மகள். பிறகு, "ஃபோனை மாமாகிட்ட குடுங்க."

"வண்டி ஓட்டறார்மா."

"நிறுத்தச் சொல்லுங்க."

சம்பந்தி சிக்னல் போட்டு, பின்னால் பார்த்து, காரை ஓரம் கட்டினார். கைபேசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சொல்லும்மா... சரிம்மா... சேச்சே, எனக்கென்னம்மா கோவம்... ஆமாம்மா, தூக்கம் முக்கியம்மா... சரிம்மா." திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சொல்றா?"

"காலைல டூட்டி முடிச்சு நேரா புது வீட்டுக்குப் போறாளாம். சாமான் அப்புறம் வருமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டீங்கல்ல? சரின்னேன். பின்ன என்ன பண்றது?"

கண்ணாடிக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். பெண்ணைப் பெற்றவர் இந்த இடத்தில் கொஞ்சம் வருத்தப்பட்டாக வேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளையைப் பெற்றவர் இன்னும் கூடுதலாக வருத்தப்பட வேண்டும் என்பதால் சம்பந்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துப் புள்ளைங்க பெரியவங்க பேச்சை எங்க கேக்கறாங்க?" என்றார் ஒருவர்.

"நாம சொல்றதைச் சொல்லிட்டோம்," என்றார் மற்றவர்.

சம்பந்தி காரைக் கிளப்பினார். முதல் திருப்பம் தாண்டியதும் அவர் வாயிலிருந்து மெல்லிய விசில் ஒன்று வந்தது. பக்கத்தில் கண்ணாடிக்கடைக்காரர் உட்கார்ந்திருப்பது நினைவு வந்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.