வசுமதி வெளியே வரும் காட்சி

எங்கள் ஊர் கோமளா தியேட்டரில் பேய்ப் படம் ஓடினால், இடைவேளையில் பார்வையாளர்களில் ஒருவரைப் படத்துக்குள் கடத்திக்கொண்டு போவார்கள். படம் முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஆளுக்கு மட்டும் சைக்கிள் டோக்கன் இலவசம்.

அன்றைக்கு என் மனைவி வசுமதியைக் கடத்தினார்கள். நான் முறுக்கு வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் திரையில், ஒரு பாழடைந்த பங்களாவில், நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தாள். தலையில் நான் வாங்கித் தந்த கனகாம்பரம். க்ளோசப்பில் நன்றாகவே இருந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் எனக்குக் கை கொடுத்தார்.

படத்தில் கடத்தல்காரர்கள் மூன்று பேர். பங்களாவில் பேய் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பேய் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும். கடைசி ஆள் சாவதற்கு முன் கட்டை அவிழ்த்துவிடுவான். கடத்தப்பட்டவர் கதவைத் திறந்தால் தியேட்டர் வாசல். அன்றைக்கு அந்தக் காட்சி வரவில்லை. கடைசி ஆள் சட்டென்று செத்தான், 'வணக்கம்' விழுந்தது, விளக்கைப் போட்டுவிட்டார்கள். வசுமதி உள்ளேயே இருந்துவிட்டாள்.

"படம் இழுக்குது, கடைசி பஸ் போயிடுதுன்னு ஜனங்க சத்தம் போட்டாங்க. அதான் கடைசியில கொஞ்சம் வெட்டச் சொன்னேன்," என்றார் மேனேஜர் சூசைநாதன். நீளமான படங்களுக்கு எங்கள் ஊரில் வழக்கமாகச் செய்கிற வைத்தியம்தான். வெட்டிய துண்டைக் கேட்டேன்.

"குப்பையோட எரிச்சாச்சு சார்," என்றார் ஆபரேட்டர் மாசிலாமணி.

அதற்குப் பிறகு எல்லாக் காட்சிக்கும் போனேன். நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருந்ததால் புதிதாக யாரையும் கடத்தவில்லை. இதில் சிலருக்கு என்மேல் வருத்தம். "எல்லா ஷோவும் உங்க வீட்டம்மாவே பாத்துக்கிட்டா நாங்கள்லாம் என்னைக்குப் போறது?" என்று எங்கள் தெருத் தபால்காரர் கேட்டே விட்டார். வீட்டில் சண்டை போடக்கூட ஆளில்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பேய் இரண்டாமவனின் கழுத்தைப் பிடிக்கும் இடத்தில் வசுமதி என்னைப் பார்த்துவிட்டாள்.

"மாடியில துணி காயப்போட்டேனே, எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன். நீ எப்ப வருவ?"

"கட்டிப்போட்டிருக்காங்க, எப்படி வர்றதாம்? நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

நாங்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பேய் அவன் கழுத்தை நெரித்தது.

வெள்ளிக்கிழமை புதுப் படம். வியாழக்கிழமை மாலைக் காட்சியோடு படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் ஊர் ஊராகக் கட்டுண்டபடி போய்க்கொண்டிருக்க, நான் இங்கே துணியை மடித்து வைத்து என்ன பிரயோஜனம்?

வியாழக்கிழமை மாசிலாமணியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பழைய பிலிம் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல ஒரு பொம்பள கதவைத் தொறந்துக்கிட்டு வெளிய வருது. எங்கப்பா இங்க ஆபரேட்டரா இருந்த காலத்துப் படம். பரவாயில்லையா?"

"வந்தா போதும்," என்றேன்.

மாலைக் காட்சியின் கடைசியில் அதை ஒட்டி ஓட்டினார். கட்டை யார் அவிழ்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சினிமாவில் அதெல்லாம் கேட்பதில்லை.

நான் முன்னதாகவே வாசலுக்கு ஓடி நின்றேன். வசுமதி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். சேலை, வளையல், முகம், கை எல்லாம் கறுப்பு வெள்ளையில் இருந்தன. கையைப் பிடித்தேன், சூடாக இருந்தது. அழுதுவிட்டேன்.

"எல்லாரும் பாக்கறாங்க," என்றாள். பிறகு தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்துப் பார்த்தாள். அது சாம்பல் நிறத்தில் இருந்தது.

"இனிமே மல்லியே வாங்குங்க."

வாசலில் இருந்த பூக்காரம்மாவிடம் அப்போதே ஒரு முழம் வாங்கினேன். வைத்துவிட்டேன். அது அவள் தலையில் ஏறியும் வெள்ளையாகவே இருந்தது.