மழுங்கிய வால்

பிளேடு இறங்கிய பிறகுதான் படம் எடுக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. மைக்ரோஸ்கோப்புக்கு அடியில், ஒரு துளித் தண்ணீரில், மண்ணில் வாழும் நூற்புழு மூன்று துண்டாகக் கிடந்தது; வால் நுனி பிளேடுக்கடியில் நசுங்கிப்போயிருந்தது. முதலில் படம், பிறகு அளவு, அதற்கப்புறம்தான் மரபணுவுக்காக வெட்டு. இதைச் சொல்லிச் சொல்லியே அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு தலைமுறையை ஆளாக்கியவர் அவள் அப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி போன் பண்ணி, "சீக்கிரம் வாக்கா, மூச்சு இழுக்குது" என்றிருந்தான். கை புத்தியை முந்திக்கொண்டுவிட்டது.

இன்னொரு புழு இல்லை. மூன்று மாதம் மூட்டை மூட்டையாக மண்ணை அலசியதில் உயிரோடு சிக்கியது இது ஒன்றுதான்.

இருபது வருடத்துக்கு முன்னால் இதைத் தனி இனம் என்று எழுதியவர் அப்பா. ஏற்கெனவே தெரிந்த பழைய இனத்துக்கு வால் கூர், இதற்கு மழுங்கல்; வால்மேல் இருக்கும் வளையங்களின் எண்ணிக்கையும் வேறு. "மனுஷன் வாலைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறாரு" என்று கூட இருந்தவர்களே சிரித்தார்கள். பழைய இனம்தான், வால் நுனி தேய்ந்திருக்கும் என்று எழுதி ஒதுக்கினார்கள். அவர் சேர்த்துவைத்ததெல்லாம் ஃபார்மலினில் ஊறியவை. அதில் மரபணு தேறவில்லை. படமும் மரபணுவும் ஒரே புழுவிலிருந்து வந்தால்தான் அந்த வாய்கள் மூடும். அப்பா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

துண்டுகளைக் குழாயில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டு ஓடினாள்.

கட்டிலருகே போனதும் அப்பா கண்ணைத் திறந்தார்.

"படம்?"

"எடுத்துட்டேன்பா."

"காட்டு."

பார்வையே நிலைகொள்ளாதவருக்கு எதைக் காட்டினால் என்ன என்று தோன்றியது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பழைய இனத்தின் படத்தைப் போனில் நீட்டினாள். அப்பா இரண்டு விரலால் வாலைப் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார். உடம்பு முழுக்க ஓய்ந்திருந்தது, அந்தக் கண் மட்டும் ஓயவில்லை.

"கூராதான் இருக்கு," என்றார். "அவங்க சொன்னதுதான் சரி போல. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"இல்லப்பா, அது வந்து..."

"பரவால்லம்மா. போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிட்டேன்ல."

இருமல் வந்து ஆளையே உலுக்கியது. "போதும்க்கா, அவரைப் பேச வைக்காத," என்று தம்பி அவள் தோளைப் பிடித்து வெளியே நகர்த்தினான். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று, சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கினாள். நாலு வார்த்தைதான். தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் மார்பு அசையவில்லை.

அவள் குனிந்து அவர் காதோடு வாயை வைத்தாள். "அப்பா, நான் காட்டினது வேற புழு. அவசரத்துல படம் எடுக்காம வெட்டிட்டேன். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி பாத்தேன்பா. வால் மழுங்கல்தான். நீங்க எழுதினதுதான் சரி. வளையம்கூட எண்ணினேன்."

"அக்கா," என்றான் தம்பி.

அவள் நிமிரவில்லை. வால் நுனியிலிருந்து ஒவ்வொரு வளையமாக, நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். போர்வையை அவர் மார்புவரை கொண்டுவந்திருந்த நர்ஸ், அவள் எண்ணி முடிக்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.