தலை தப்பிய நகர்

தேம்சு ஆற்றின்மேல் எழுந்த மூடுபனி இலண்டன் மாநகரின் கூரைகளை விட்டு அகலாது கிடக்க, பகலவனும் முகங்காட்டத் தயங்கிய, தொண்ணூற்றோராம் ஆண்டின் தைத்திங்கட் காலையில், டூட்டிங் பெருந்தெருக் கடைகள் ஒவ்வொன்றாய்க் கதவு திறக்க, அவற்றைக் கடந்து அடைக்கல நேர்காணலுக்குச் சென்றாள் தவநாயகி. அறிவுசால் பெரியீர், அன்று அவளுக்கு இரண்டிலொன்று முடிவாகும்: இந்நாட்டில் வாழ்வு, அன்றேல் குண்டு விழும் யாழ்ப்பாணத்துக்கே திரும்புதல்.

அவளுக்குப் பகையாய் நின்றதோ ஒரு நிழற்படம். வரும் வழியில் தாய்லாந்தில் மறைந்து தங்கியிருந்தபோது, காவலர் ஐயுறாதிருக்கப் பயணமுகவன் அவளைச் சுற்றுலாப் பயணிபோல் உடுத்தி, அயுத்தயா என்னும் பழம்பதிக்கு அழைத்துச் சென்று எடுத்த படம். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். உயிருக்கு அஞ்சி ஓடியவள் ஊர் பார்த்துச் சிரிப்பாளா என்பது, அவள் பையில் அப்படத்தைக் கண்டெடுத்த குடிவரவு அலுவலரின் ஐயம். முகவன் மிரட்டியதாற் சிரித்தேன் என்று சொல்லிவிடு என்று தமையன் குகதாசன் வழிநெடுகக் காதைக் குடைந்தான். கேட்டால்தானே! பொய்யால் வரும் புகலிடம் தனக்கு வேண்டாவென்று அவள் ஒரே பிடியாய் நின்றாள்.

அந்நகரைப் பற்றிக் கூறுக என்றார் அலுவலர். மொழிபெயர்ப்பாளர் சேகர் அருகிருக்க, அவள் தொடங்கினாள். ஆறுகள் மூன்று மாலையிட்டாற்போற் சூழ, அயோத்தியின் பெயரைத் தாங்கி, நானூறு ஆண்டுக்கு மேலாய் அரசு வீற்றிருந்து, பன்னாட்டு மரக்கலங்களும் தேடி வந்த அப்பதி பர்மியப் படையால் தீக்கிரையானதையும், செங்கற் கோபுரங்கள் கரிந்து நிற்பதையும், புத்தர் சிலைகள் அணியணியாய்த் தலையின்றி அமர்ந்திருப்பதையும், தலையொன்றை மட்டும் மரவேர்கள் அணைத்து வைத்திருப்பதையும், அதனினும் தம் தலை உயராதிருக்க மாந்தர் அங்கே மண்டியிட்டே படமெடுப்பதையும் ஒன்றும் விடாது உரைத்தாள். உரைக்க உரைக்க, தேர்ந்த சுற்றுலாப் பயணியே இவள் என்று அலுவலரின் முகம் இறுகியது. பாவி மகள், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்றே சேகரும் எண்ணினார்.

பின் ஏன் சிரித்தீர் என்ற வினா வந்தது.

“சிரிக்கச் சொன்னது ஏஜென்சிக்காரன்தான், ஐயா. ஆனால் நான் பொய்யாச் சிரிக்கேல்லை. எங்கட ஊரும் அப்பிடித்தான் எரிஞ்சது. அவ்வளவு அழிவுக்குள்ளையும் அங்கை ஒரு தலை தப்பியிருக்கு. அதுக்குப் பக்கத்திலை இருக்கேக்கைதான் என்ரை தலையும் தப்பினது எனக்கு விளங்கிச்சு. சிரிச்சிட்டன்.”

சேகர் தடுமாறினார். தலை தப்புதல் சிலைக்கும் பொருந்தும், உயிருக்கும் பொருந்தும் சொல்லன்றோ! ஆங்கிலத்தில் அஃது ஒரு சொல்லாய் அடங்காமையால் இருமுறை விளக்கினார். அலுவலர் படத்தை மீண்டும் எடுத்து, மண்டியிட்டுச் சிரிக்கும் அம்முகத்தை நெடிது நோக்கினார். பின் அதை அவளிடமே திருப்பித் தந்தார்.

வேனிலில் வாழ்வுரிமை வந்தது. படத்தை மாட்டக் குகதாசனே சுவரில் ஆணி வைத்தான். “இன்னும் மேலை அடியுங்கோ, அண்ணை,” என்றாள் தவநாயகி. “அந்தத் தலை எங்கட தலையிலும் உயரத்திலை இருக்கவேணும்.”

எரியும் நகரங்கள் எந்நாளும் எரிந்துகொண்டே இருக்கின்றன, பெரியீர். தப்பிய ஒன்றன்முன் தாழ்ந்தமர்ந்து, நானும் தப்பினேன் என்று சிரிக்கத் துணிந்தவரே மறுபடி வாழத் தொடங்குகின்றனர்.