சனிக்கிழமை யாருக்கு?

1

இந்தக் கதை எனக்கு ஒரு சாவு வீட்டில் கிடைத்தது, மாட்டுக்கறித் தட்டோடு சேர்த்து. லெசோத்தோவின் தலைநகர் மாசேருவில் கதைகள் அப்படித்தான் கிடைக்கும். இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் தேநீர் மட்டும்தான். கை கழுவக்கூடப் பொறுமையில்லாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு கதை என்னை இப்படி விரட்டியதில்லை.

முதல் வரி: "உலகச் சந்தை என்னும் சூறாவளியில் ஒரு சிறிய மலைநாடு தன் இலச்சினையை…"

(நிறுத்து. இது செலிசோ எழுதும் வரி. அவனுக்கு இதற்குச் சம்பளம் உண்டு.)

2

செலிசோ, தேசியப் போட்டித்திறன் மன்றத்தின் துணை இயக்குநர். மன்றத்தின் பெயர்ப்பலகை அதன் கட்டடத்தைவிட நீளம். "தற்போதைய உலகச் சூழலில்" என்று தொடங்காமல் அவனால் உப்புக்கூடக் கேட்க முடியாது.

அவன் அக்கா மாபலேசா, என் பக்கத்து வீடு. ஜீன்ஸ் ஆலையில் ஜிப் தைக்கும் வரிசையில் வேலை. அந்த வரிசைக்காகப் பேசுகிறவளும் அவள்தான். வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று வாசல்வரை வந்து நிற்கிறது. வந்தால் வரிசை ஓடும். வராவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு என்று மேலாளர் சொல்லியாயிற்று. வாங்க வந்திருக்கும் லார்சன் வைக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: சனிக்கிழமையும் ஆலை ஓட வேண்டும். இன்னொரு நாடு ஏற்கெனவே தலையாட்டிவிட்டது.

லெசோத்தோவில் சனிக்கிழமை, இறந்தவர்களுக்கு உரியது. எல்லைக்கு அப்பால் வேலை செய்கிறவர்கள் வெள்ளி ராத்திரி பஸ்ஸில்தான் வந்துசேர முடியும். ஞாயிறு என்றால் பாதிரியார் கிடைக்கமாட்டார். அடக்கத்துக்கு வராத ஆளை ஊர் மறக்காது, அவர் அடக்கம் வரைக்கும்.*

* செலிசோவின் அறிக்கையில் இதற்குப் பெயர் "பண்பாடு சார்ந்த உற்பத்தி இடைவெளி". பிணத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் திட்டியதில்லை.

3

முதல் பிரதியில் மாபலேசாவைத் தியாகச் சுடராக எழுதியிருந்தேன். "தேசத்துக்காக அவள் ஊசியின் முன் தலைகுனிந்தபோது…" வேலியோரம் நின்று அவள் மொழியில் சொல்லிக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இது யாருண்ணே, இவளுக்கு முதுகே வலிக்காதா?" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செலிசோ வந்தான்.

"அக்கா, நாளைக்கு லார்சன் வர்றாரு. ஆலை ஓடுறத அவர் கண்ணால பாக்கணும். உன் ஆளுங்களக் கூட்டிட்டு வந்துரு."

"நாளைக்கு நம்ம தெரு மொலெஃபிக்கு அடக்கம்டா."

"அவர் காத்திருப்பாரு."

"யாரு, லார்சனா?"

"மொலெஃபி. செத்தவருக்கு என்னக்கா அவசரம்?"

"உனக்கு வேலை குடுத்தவனச் சொல்லணும். சரி, நீ செத்தா செவ்வாக்கிழமை பொதைக்கிறோம். உன் அறிக்கை வந்து ஒப்பாரி வைக்கட்டும்."

4

இனிமேல்தான் என் பேனா குதிக்கிறது.

சனிக்கிழமை காலை ஆலை வாசலில் காவலாளி மட்டும் நின்றார், அவரும் கறுப்புக் கோட்டில், கிளம்பத் தயாராக. "தொழில்நுட்ப இடைநிறுத்தம்" என்று லார்சனிடம் சொல்லிவிட்டு, காரை அவசரமாக வேறு சாலையில் திருப்பினான் செலிசோ. அங்கேதான் மொலெஃபி போய்க்கொண்டிருந்தார். சவ ஊர்தியை முந்துவது இங்கே யாரும் செய்யாத காரியம். பாதியில் திரும்புவது அதைவிட மோசம். போட்டித்திறன் மன்றத்தின் கார் மரியாதையாகப் பின்னால் ஊர்ந்து, இடுகாட்டில் போய் நின்றது.

ஆண்கள் முறைவைத்து மண் தள்ளினார்கள். மண்வெட்டி கைமாறிக் கைமாறி லார்சனிடம் வந்தது. அவர் செலிசோவைப் பார்த்தார். செலிசோ வானத்தைப் பார்த்தான். லார்சன் கழுத்துப்பட்டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு மண் அள்ளிப் போட்டார், ஒழுங்காகவே.

(லார்சனை இந்த இடத்தில் கோமாளி ஆக்கலாம் என்றுதான் இருந்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

5

சாவு வீட்டு வாசலில் கற்றாழை போட்ட தண்ணீரில் கை கழுவினார்கள். ஆளுக்கொரு தட்டு: சோளக் களி, முட்டைக்கோஸ், கறி.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படியா?" என்றார் லார்சன்.

"தற்போதைய உலகச் சூழலில் இது ஒரு விதிவிலக்கான…" என்றான் செலிசோ.

"இல்லீங்க, வாராவாரம்தான்," என்றாள் மாபலேசா. "ஆமா, அந்த இன்னொரு நாட்டுல யாரும் சாகுறதில்லையா?"

லார்சன் யோசித்தார். "சாவாங்க. நான் கேட்டதில்ல."

"கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்மா. ஆனா துணி எங்க கடைக்கு வரவேண்டிய தேதி என் கையில இல்ல. உங்க வரிசை சனிக்கிழமை வருமா, வராதா? நீங்களே சொல்லுங்க."

தட்டுகளோடு நின்ற வரிசைக்காரர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். செலிசோ முதன்முறையாக மனுஷத் தமிழில் பேசினான் (அவன் பேசியது இந்த ஊர் மொழியான செசோத்தோ, பொறுத்துக்கொள்ளுங்கள்): "அக்கா, வேலை போயிரும்க்கா."

மாபலேசா வாயைத் திறந்தாள்.

6

"வருவோம்" என்று எழுதிப் பார்த்தேன். ஆலை ஓடியது, பெயர்ப்பலகை இன்னும் நீண்டது. அடுத்த சனிக்கிழமை இடுகாட்டில் பாதிரியாரும் கிழவர்களும் மட்டும். குழி பாதிக்கு மேல் மூடவில்லை.

"வரமாட்டோம்" என்று எழுதினேன். எல்லா அடக்கத்துக்கும் தவறாமல் வந்தாள். திங்கட்கிழமைகூடச் சும்மாதான் இருந்தாள். ஆர்டர் அந்த இன்னொரு நாட்டுக்குப் போனது. அங்கேயும் ஒருத்தி, ஏதோ ஒரு கிழமையைக் கொடுத்துவிட்டு ஊசியின் முன் உட்கார்ந்தாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. என்னாலும் கேட்க முடியவில்லை.

பாதிப் பேர் ஒரு வாரம், மீதிப் பேர் மறுவாரம் என்று மூன்றாவதாக ஒன்று எழுதினேன். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சனிக்கிழமை வேலைச் சீட்டு யாருக்கு விழுகிறதோ, அந்த வாரம் பார்த்து அவள் அம்மா சாவாள். நான் கதை எழுதுகிறவன்; வேறு மாதிரி எனக்கு எழுத வராது.

தவிர, நான் நடுநிலையானவனும் இல்லை. பிழைக்க வந்த தமிழன் எனக்கு இங்கே ரத்த சொந்தம் கிடையாது. நான் செத்தால் பாடவும் மண் தள்ளவும் இந்த ஆலைக்காரர்கள்தான் வர வேண்டும். அதே ஆலைச் சம்பளத்தில்தான் எங்கள் தெருவில் அடுப்பு எரிகிறது.

அவள் வாய் இன்னும் திறந்தே இருக்கிறது. அந்தச் சொல்லை நீங்கள் போடுங்கள். போட்ட கையோடு, என்னை எந்தக் கிழமை புதைப்பது என்றும் சொல்லிவிடுங்கள்.