ரெண்டு தட்டு

எங்க பெண்கள் ஜெயில்ல காவலுக்கு நிக்கிறவங்களுக்கு பிடி போட கத்துக்குடுத்தவரு மாஸ்டர். கைய முறுக்கும்போது வலி தாங்கலன்னா, பிடிச்சவங்க கையில ரெண்டு தட்டு தட்டணும். உடனே விட்டுடணும். அப்படித்தான் பழகினோம். ஆள் பத்தலன்னு தையல் கூடத்துலருந்து ஒரு கைதிய வரவழைச்சு எதிரியா நிக்க வச்சாரு. ஒல்லியா இருப்பா, ஊசின்னு கூப்பிடுவோம். அவளும் பிடிச்சா, தட்டினா விட்டா. "உங்கள விட இவ தேவலம்மா"ன்னு மாஸ்டர் கிண்டலடிப்பாரு. நாங்களும் சிரிச்சோம்.

அன்னைக்கு தையல் கூடத்துல நானும் குட்டியும்தான் ட்யூட்டி. குட்டி வேலைக்குப் புதுசு, என்னை வாய் நிறைய அக்கான்னு கூப்பிடுவா. ஊசியோட பையன் பாக்க வரமாட்டான்னு தகவல் வந்துச்சு. நான்தான் போய்ச் சொன்னேன். அவ துணி வெட்டுற கத்திரியோட என் மேல பாஞ்சா.

பிடிச்சுட்டேன். சத்தியமா பிடிச்சுட்டேன். ஒரு கைய பின்னால முறுக்கி மேஜையில சாய்ச்சுட்டேன். அப்ப அவ மத்த கையால என் கையில ரெண்டு தட்டு.

என் கை தானா விட்டுடுச்சு.

கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஊசி, குட்டியோட கழுத்த வளைச்சுப் பிடிச்சு கத்திரிய வச்சுட்டா.

"என் புள்ளைய வரச் சொல்லுங்க!"

"சொல்றேம்மா. அவ சின்னப் பொண்ணு, விட்டுடு."

"என் புள்ள மட்டும் பெரியவனா?"

கத்திரி முனையில பொட்டு மாதிரி ரத்தம். குட்டிக்கு மூச்சு திணறுது. கையத் தூக்கி ஊசி கையில ரெண்டு தட்டு தட்டினா.

ஊசி விட்டுட்டா! கத்திரி கீழ விழ, தன் கையவே பேயப் பாத்த மாதிரி பாத்துக்கிட்டு நின்னா. நான் கத்திரிய எத்தித் தள்ளிட்டுக் கத்தினேன். எல்லாரும் ஓடி வந்தாங்க.

"யோசிச்சுத் தட்டலக்கா. வலிச்சுது, தட்டிட்டேன்"னு குட்டி அழுதா. அதக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் பயமாயிடுச்சு.

மாஸ்டர்கிட்ட போனேன். "இந்தத் தட்டுற பழக்கம் வேணாம் சார். நீங்க விசில் ஊதினா மட்டும் விடுறோம்."

"ரொம்ப பயந்துட்டீங்கம்மா. வாங்க, என்னையே பிடிங்க."

பிடிச்சு முறுக்கினேன். ரெண்டு தட்டு தட்டினாரு. என் கை தானா விடப் பாத்துச்சு. விடல.

"ஏம்மா, வலிக்குது!"

"விசில் எங்க சார்?"